நம்பர் பிளேட் கேமரா பராமரிப்பு ஒப்பந்தம்: என்ன கேட்க வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர்க் காவல்துறை, நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்களின் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிறது. நகர மன்றக் கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறேன். அரசு ஒப்பந்தங்களில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

லென்ஸ் துடைப்பது, அகச்சிவப்பு விளக்கு மாற்றுவது, மென்பொருள் அப்டேட் எல்லாம் வரைவில் இருக்கிறது. நூற்றுக்கு எத்தனை பிளேட்டைச் சரியாகப் படிக்க வேண்டும் என்ற அளவுகோல் மட்டும் இல்லை. என்னை உறுத்துவது இதுதான். 8 என்ற எண்ணை ‘B’ என்ற ஆங்கில எழுத்தாகக் கேமரா படித்துவிட்டால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் காரைத் திருட்டுக் கார் என்று மறிக்க நேரும். உள்ளே குழந்தைகளும் இருக்கலாம்.

பழுது பார்க்க வருபவருக்குச் சேமித்த படங்களும் தெரியுமா என்பதும் வரைவில் தெளிவாக இல்லை. இந்தக் கேமராக்களுக்கென 2016 முதல் நடப்பிலுள்ள எஸ்.பி. 34 (SB 34) என்ற கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி, தகவலை யார் கையாளலாம் என்ற கொள்கையைக் காவல்துறை எழுதி வெளியிட வேண்டும். அந்த விதி ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் கட்டுப்படுத்துமாறு ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாமா?

படிக்கும் துல்லியத்தை யார், எப்படிச் சோதிப்பது? அளவு குறைந்தால் பணம் பிடித்தம் செய்யும் விதியுள்ள மாதிரி ஒப்பந்தம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.