தாத்தாவின் நோட்டில் பாதிப் பாதியாக வசனம்: இது என்ன?

வடசேரிப் பேத்தி:
தாத்தா கோட்டாறு கம்போளத்தில் (சந்தையில்) கணக்கு எழுதியவர். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம். போன மாதம் அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. அவர் கையெழுத்துதான், ஆனால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு வரி: "……விற்று வருகிறேன்." அதன் கீழே: "ஒரு சிலம்பு போதுமா? இரண்டையும் கொண்டு போங்கள்." அடுத்து "……அழாதே கண்ணே." அதன் கீழே: "அழவில்லை, கண்ணில் புழுதி." நாற்பது பக்கமும் இப்படியே. கடைசிப் பக்கத்தில் ஒரு ஜம்பர் (ரவிக்கை) அளவு, ஆச்சிக்காக இருக்கும். ஆச்சியும் போய்விட்டாள். கதை ஏதும் எழுதிப் பார்த்தாரா?

தக்கலைப் பையன்:
சினிமா வசனத்தைக் கேட்டு எழுதியிருப்பார். எங்கள் பெரியப்பா ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து இதையேதான் செய்வார்.

திரை இழுத்தவன்:
சினிமா இல்லை தம்பி. மக்களே, அது நாடகப் பாடம். எனக்கு 73 வயது. சின்னப் பையனாக எங்கள் ஊர் நாடகங்களுக்குத் திரை இழுத்திருக்கிறேன்.

முழு நாடகமும் வாத்தியார் கையில் ஒரே பிரதிதான் இருக்கும். போலீஸ் அனுமதிக்குக் கொடுப்பதற்கே அதை உட்கார்ந்து நகல் எடுக்க வேண்டும் (நாடகத்துக்கு முன் அனுமதி கேட்ட 1954 சட்டம், 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது). வெளியே விட்டால் பக்கத்து ஊர்க்காரன் தூக்கிவிடுவான் என்ற பயம் வேறு. அதனால் ஒவ்வொருவரும் தன் வசனத்தை மட்டும் எழுதிக்கொள்வார்கள். எதிராளி பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று சொல்லை மேலே குறித்துக்கொண்டால் போதும். அது காதில் விழுந்ததும் இவர் வாயைத் திறக்க வேண்டும். உன் புள்ளிகளுக்கு அர்த்தம் அதுதான்.

சிலம்பு வருவதால் கோவலன் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது உண்டு. அதையே ஊருக்கு ஊர் மாற்றிப் போடுவார்கள். உன் தாத்தா வரிகள் கண்ணகியுடையவை. ஸ்திரீபார்ட், அதாவது ஆண் போடும் பெண் வேஷம்.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சபையில் எல்லா வேஷமும் பையன்கள்தான். அங்கே ஆறு வயதில் சேர்ந்த தி.க. சண்முகம் பின்னால் ஔவையாராகவே நடித்துப் பெயர் வாங்கினார். நம் ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சண்முகம் சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் இருந்து வந்தவர்தானே.

எங்கள் ஊர் ஸ்திரீபார்ட்காரர் பகலில் மண்வெட்டி பிடிப்பவர். சேலை கட்டிவிட்டால் யாரிடமும் பேச மாட்டார். உதட்டுச் சாயம் கலையாமல் டீயை அண்ணாந்துதான் குடிப்பார். பொம்பிளைகள் கிணற்றடியில் குடத்தை இறக்கும்போது முந்தானையை எந்தக் கையால் ஒதுக்குகிறார்கள் என்று பார்த்துவைத்திருப்பார். விடியும் முன் தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டுப் பின்பக்க இடைவழியாக வீட்டுக்குப் போய்விடுவார். பாராட்ட வந்தவன் வெறும் பெஞ்சைத்தான் பார்ப்பான். அப்புறம் வெளியூரிலிருந்து நடிகைகளைக் கூப்பிடும் வழக்கம் வந்தது. அவரை யாரும் தேடவில்லை, அவரும் போய்க் கேட்கவில்லை.

ஒன்று சொல், உன் தாத்தாவுக்கு மீசை உண்டா?

வடசேரிப் பேத்தி:
கிடையாது அண்ணாச்சி. கல்யாணப் போட்டோவிலும் மழுமழு என்றுதான் இருக்கிறார். "உங்க தாத்தாவுக்கு மீசை ஒத்துக்காது" என்பாள் ஆச்சி. வேறு ஒன்றும் சொன்னதில்லை.

நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஜம்பர் அளவில் தோள் 17 அங்குலம் என்று போட்டிருக்கிறது. ஆச்சி என்னைவிட ஒல்லி.