கடனுக்கு உரம் வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகிறதா? உங்கள் அனுபவம் என்ன?

மானாவாரி விவசாயி:
ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம். மக்காச்சோளம்தான் போடுகிறேன். விளைச்சல் கூடுவது வேறு, கையில் காசு நிற்பது வேறு என்பதை இந்த நிலம் எனக்குக் காட்டிவிட்டது. பரிந்துரைத்த அளவு முழுவதையும் கடனுக்கு வாங்கிப் போட்ட பருவத்தில் பயிர் கரும்பச்சையாக நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆண்பூ வெளிவரும் நேரத்தில் மழை பொய்த்தது. கதிரை உரித்தால் பாதிக்கு மேல் மணியே இல்லை. அசலும் வட்டியும் கட்டியபின் அடுத்த விதைப்புக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வசதியுள்ளவருக்கு மழை தப்பினால் ஒரு பருவம் போகும்; நமக்கு அடுத்த பருவமும் சேர்ந்து போகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் "உரம் போட்டால் லாபம்" என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

இப்போது அடியில் தொழுஉரம். பயிர் முழங்கால் உயரம் வந்து, மண்ணில் ஈரமும் இருந்தால் மட்டும் யூரியா. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சிறு குழி பறித்து, அரைத் தேக்கரண்டி இட்டு, உடனே மூடிவிடுகிறேன். மேலாக வீசினால் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். முதுகு ஒடிகிற வேலைதான், ஆனால் போட்ட காசு திரும்பி வருகிறது.

களப்பணியாளர்:
அண்ணா, நீங்கள் சொல்லும் அதே அரைத் தேக்கரண்டி அளவை, யூரியாவுக்குப் பதில் வேறொரு தழைச்சத்து உரத்தில், மேற்குக் கென்யாவில் சிறு விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்தார்கள். எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனதன் ராபின்சன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. மக்காச்சோளத்துக்கு அந்த அளவு மேலுரம் இட்டபோது, போட்ட பணத்துக்கு ஒரு பருவத்தில் சராசரியாக 36 சதவீதம் ஆதாயம் கிடைத்தது. வீரிய விதையும் கூடுதல் உரமும் சேர்ந்த அரசுப் பரிந்துரையோ சராசரி விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆதாயம் தெரிந்தும் பலர் ஏன் வாங்கவில்லை என்று பார்த்தால், உரம் தேவைப்படும் மாதத்தில் கையில் காசு இருப்பதில்லை. அறுவடை முடிந்த கையோடு வீட்டுக்கே வந்து விற்று, கொண்டுவந்து சேர்க்கும் செலவையும் தள்ளிவிட்டபோது வாங்கியவர்கள் கூடினார்கள்.

மேட்டு நிலத்துக்காரர்:
மண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? என்னிடம் இரண்டு துண்டு நிலம். வீட்டை ஒட்டிய துண்டில் சாணமும் சாம்பலும் விழுந்து விழுந்து மண் கறுத்திருக்கிறது. கொஞ்சம் யூரியா போட்டாலும் பயிர் எழுகிறது. மேட்டுத் துண்டில் மக்கு கிடையாது, மேல்மண்ணும் அரித்துப்போய்விட்டது. அதே நாளில் அதே உரத்தைப் போட்டும் பயிர் வெளிறியே நின்றது. ஆகவே அங்கே பயறு போட்டு, செடியை மடக்கி உழுகிறேன். அந்த மண் தேறும்வரை மூட்டை வாங்குவதாக இல்லை.

ஒரு சந்தேகம். அறுவடைக் காசில் முன்கூட்டியே வாங்கினால் யூரியா கட்டி பிடிக்காதா?

மானாவாரி விவசாயி:
ஈரக்காற்று பட்டால் பிடிக்கும் தம்பி. உள்பையின் வாயை இறுக்கக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். பிரித்த மூட்டையை அந்தப் பருவத்திலேயே தீர்த்துவிடுங்கள்.