ஃப்ரீசவுண்ட் சாம்பிள்களை வைத்துச் செய்த பாட்டை ஸ்பாட்டிஃபையில் வெளியிடலாமா?

தொண்ணூறடி_தாளம்:

வணக்கம். தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய மாடி அறையில் உட்கார்ந்து நான்கு பாட்டுகள் செய்து வைத்திருக்கிறேன். தமிழ் ராப், வரிகள் என்னுடையவை. ஒரு விநியோக நிறுவனம் வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மூன்றிலும் ஏற்ற எண்ணம்.

ஒலிகளை, பலரும் தங்கள் பதிவுகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்திலிருந்து எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமம் இருக்கிறது. தகரக் கூரையில் விழும் மழை, சிசி0, அதாவது நிபந்தனை எதுவும் இல்லை. பறை அடி ஒன்று, சிசி-பை, பெயர் சொல்லி நன்றி போட வேண்டும். லோக்கல் ரயில் தடம் மாறும் சத்தம், சிசி-பை-என்சி, பெயரும் சொல்ல வேண்டும், வணிகத்துக்கும் கூடாது. கணபதி விசர்ஜன ஊர்வலம், அதுவும் சிசி0. ரயில் சத்தத்தை வெட்டி, வேகம் குறைத்து, தலைகீழாகத் திருப்பி, தாளத்தின் கனமான அடியான கிக் டிரம்மாகவே ஆக்கிவிட்டேன். பதிவு செய்தவருக்கே அடையாளம் தெரியாது. இதற்குமா உரிமம் குறுக்கே நிற்கும்? ஸ்ட்ரீமிங்கில் டீக்காசுகூடத் தேறாது, அதற்குப் பெயர் வணிகமா? பறைக்காரருக்கு நன்றியை எங்கே போடுவது? விநியோகப் படிவத்தில் ‘எல்லா ஒலிகளும் எனக்கு மட்டுமே உரியவை, கன்டென்ட் ஐடியில் சேர்க்கவும்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்யலாமா?

அண்டாப்ஹில்_பேஸ்:

யார் வந்து கேட்கப் போகிறார்கள்? போட்டுவிடுங்கள் நண்பரே.

செம்பூர்_ஒலித்தொகுப்பு:

தம்பி, முதலில் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். மற்றவை பிறகு.

யூடியூபின் கன்டென்ட் ஐடி உங்கள் பாட்டின் ஒலியைப் பதிந்துகொண்டு, அதே ஒலி வேறு எந்த வீடியோவில் வந்தாலும் உங்கள் பெயரில் உரிமை கோரும். உங்கள் பாட்டு வெறும் மழையோடு தொடங்கினால், அதே மழையை எடுத்துப் பயன்படுத்திய அத்தனை பேர் வீடியோவிலும் கோரிக்கை போய் நிற்கும். அதைப் பதிவு செய்து உலகத்துக்கே தானம் கொடுத்தாரே, அவர் வீடியோவிலும்தான். தனியுரிமை இல்லாத ஒலிகளுக்குக் கன்டென்ட் ஐடி கூடாது என்று யூடியூபே விதி வைத்திருக்கிறது. சிசி0 என்றால் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் எடுப்பதைத் தடுக்க முடியாது.

ரயிலுக்கு வருவோம். எவ்வளவு கிடைக்கிறது என்பது கணக்கே இல்லை. முதன்மையாக வணிக ஆதாயத்தையோ பணப் பலனையோ நோக்கிய பயன்பாடு கூடாது என்பதுதான் என்சி உரிமத்தின் வரையறை. ராயல்டி வாங்குவதற்காகவே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள். வந்த காசில் டீ குடிக்க முடியாவிட்டாலும் என் பார்வையில் அது வணிகம்தான்.

அடையாளம் தெரியாமல் மாற்றியது பற்றி: ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் இசைக்குழு, தன் பதிவிலிருந்து வேறொருவர் எடுத்த இரண்டு நொடிக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடத்தியது. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றிப் பயன்படுத்தினால் அது ‘பிரதியெடுத்தல்’ ஆகாது என்றது. கேட்க இனிக்கிறது. ஆனால் நீங்கள் இருப்பது மும்பையில். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14(e) பிரிவு, ஒரு பதிவை உள்ளடக்கி வேறொரு ஒலிப்பதிவு செய்யும் உரிமையை முதல் பதிவின் சொந்தக்காரருக்கே கொடுக்கிறது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது.

அதைவிடச் சுலபமான வழி, பதிவேற்றியவருக்கு ஒரு செய்தி அனுப்புவது. என்சி என்று போட்டவர் உங்களுக்கு மட்டும் தனியாக அனுமதி தரலாம், உரிமம் அதைத் தடுக்காது. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்டாப்ஹில் நண்பருக்கு: பாட்டு யார் காதிலும் விழாத வரை நீங்கள் சொல்வது சரி. நாளைக்கு ஒரு விளம்பர நிறுவனம் பாட்டைக் கேட்டால், முதலில் கேட்பது உரிமக் காகிதத்தைத்தான். நான் வேலை செய்யும் இடத்தில் எந்த ஒலி எங்கிருந்து வந்தது என்ற பட்டியல் இல்லாமல் ஒரு எபிசோடுகூட வெளியே போகாது. இன்னொன்று, ஃப்ரீசவுண்ட் 2005இல் தொடங்கியபோது அங்கே இருந்தது சாம்பிளிங் பிளஸ் என்ற உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் 2011இல் அதைக் கைவிட்டது, ஆனால் பழைய கோப்புகள் சிலவற்றில் இன்னும் ஒட்டியிருக்கும். மாற்றி விற்கலாம், விளம்பரத்துக்குக் கூடாது.

மாட்டுங்கா_மிருதங்கம்:

எல்லோரும் ரயிலையே பார்க்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் ஊர்வலத்தின் மேல்தான். பின்னால் பெஞ்சோ வாத்தியக் குழு வாசிக்கிறதா? விசர்ஜனத்தில் அவர்கள் வாசிப்பதில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு. பதிவு செய்தவர் தன் பதிவை விட்டுக்கொடுக்கலாம், இசையமைப்பாளரின் மெட்டை அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்? மெட்டின் உரிமை, போட்டவர் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். சிசி0 முத்திரையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பறைக்கு நன்றி சொல்வது எளிது. பதிவேற்றியவர் வைத்திருக்கும் பெயர், கோப்பின் தலைப்பு, அதன் இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும், ‘வெட்டி மாற்றப்பட்டது’ என்ற குறிப்பு. ஸ்ட்ரீமிங் தளங்களில் இதற்கு இடம் கொடுப்பதில்லை. யூடியூப் விவரக்குறிப்பில் போடுங்கள், கூடவே எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விவரங்கள் உள்ள பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் போதும் என்று சிசி உரிமத்தின் 4.0 பதிப்பே சொல்கிறது. ஒருவேளை விட்டுப்போய், தெரிந்த 30 நாளுக்குள் திருத்தினால் 4.0இல் உரிமை தானாகத் திரும்பிவிடும். 3.0இல் அந்தச் சலுகை இல்லை, அதனால் உரிமத்தின் பதிப்பு எண்ணையும் பாருங்கள்.

இறக்கிய நாளன்றே உரிமம் தெரியும்படி பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். அவர் பிறகு மனம் மாறி உரிமத்தை மாற்றினாலும் உங்களுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், ஆனால் அதைக் காட்ட வேண்டியவர் நீங்கள்.

தொண்ணூறடி_தாளம்:

நன்றி அண்ணா, நன்றி மிருதங்கம். ஊர்வலத்தை ஹெட்போனில் மறுபடி கேட்டேன். கடைசி இருபது நொடியில் தெளிவாக ஒரு இந்திப் பாட்டு. அதற்கு முன்னால் வெறும் தாஷா மேளம்தான், அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ரயில்காரருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வராவிட்டால் கீழ்வீட்டுத் தையல் பட்டறை இயந்திரத்தைப் பதிவு செய்து கிக்காக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம் அல்லவா?

செம்பூர்_ஒலித்தொகுப்பு:

பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எஃப்எம்மை அணைக்கச் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் மிருதங்கம் மறுபடி வந்துவிடுவார்.