மலாய் உச்சரிப்பைத் தமிழெழுத்தில் குறித்துக்கொண்டு கற்கலாமா?

கேள்வி

வணக்கம். பணி நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வந்திருக்கும் நான், மாலை வகுப்பொன்றில் மலாய் கற்று வருகிறேன். உரோமன் எழுத்து என்பதால் வாசிப்பது எளிது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நான் சொல்வதை மலாய்க்காரர்கள் மறுமுறை கேட்ட பிறகே புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே உச்சரிப்பைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்வது என் வழக்கம். ஆங்கிலத்தில் 'ஈ' எனப்படும் எழுத்து ஓரிடத்தில் ஏகாரம்போலவும் வேறோரிடத்தில் இருந்தும் இல்லாததுபோலவும் ஒலிக்கிறது. இதற்கு விதி உண்டா? 'புதிய' என்று பொருள்படும் சொல் அகராதியில் ஒரு விதமாகவும், ஜொகூர் பாரு, கோத்தா பாரு என்னும் ஊர்ப்பெயர்களில் வெவ்வேறு விதமாகவும் எழுதப்படுவது ஏன்? இவற்றோடு, அரபு எழுத்தின் வழிவந்த ஜாவி எழுத்தையும் கற்க வேண்டுமா?

மறுமொழி 1

தமிழெழுத்தில் குறிப்பெழுதுவதை முதலில் நிறுத்திவிடுங்கள். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. மலாயில் வல்லோசையும் (தொண்டை அதிராதது) அதற்கு இணையான மெல்லோசையும் (தொண்டை அதிர்வது) பொருளையே மாற்றிவிடும். நம் எழுத்தோ இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத்தான் வைத்திருக்கிறது. 'ஆய்ந்து படி' என்பதும் 'சம்பளம்' என்பதும் தமிழில் எழுதினால் ஒரே 'காஜி'. 'தடவை' என்பதும் 'தோண்டு' என்பதும் ஒரே 'காலி'. நுரையீரலும் புதியதும் ஒரே 'பாரு'. குறிப்பேட்டைப் பார்த்துப் படிப்பவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறாரா, ஆய்வைப் பற்றிக் கேட்கிறாரா என்று எதிரிலிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சொல்லின் நடுவில் வரும்போது இது இன்னும் மோசமாகும். தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் வல்லினம் மெலிந்து ஒலிப்பதால், கப்பலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லை (நம்மிடமிருந்து போன சொல்தான்) 'காபால்' என்று எழுதிவைத்தால் பகரம் தானாகவே மெலிந்துவிடும். அதைத் தடுக்க 'காப்பால்' என்று எழுதினால், மலாயில் இல்லாத இரட்டிப்பு வந்து சேரும். மலேசியத் தமிழர் பல தலைமுறைகளாக இந்த இரண்டாம் வழியைத்தான் பின்பற்றி வருகிறோம். ஈப்போ, கோத்தா, பத்துமலை ஆகிய பெயர்களில் மலாயில் ஒற்றை மெய்யே உண்டு. வன்மையைக் காப்பதற்காகத்தான் நாம் இரட்டித்திருக்கிறோம். 'டத்தோ' என்னும் பட்டப்பெயரைக் கவனியுங்கள்: முதலில் டகரமும் பின்னர் தகரமும் வைத்து எழுதிய நம் முன்னோரின் செவி நல்ல செவி. அந்த இரண்டாம் மெய் பல்லைத் தொடும் நம் தகரத்துக்கு நெருக்கமானது. ஆங்கிலம் படித்த பழக்கத்தில் அதை டகரமாக்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'வயது முதிர்ந்த' என்பதற்கான 'துவா'வையும் 'இரண்டு' என்பதற்கான 'டுவா'வையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் சொல்லில் முதல் மெய்யிலேயே அதிர்வு தொடங்க வேண்டும். முதல் சொல்லில் உயிரொலி வரும்வரை அதிர்வு இருக்கக் கூடாது. 'தேடு', 'விரல்' என்னும் பொருளுடைய 'சாரி', 'ஜாரி' இணையையும் இவ்வாறே பழகலாம்.

ஙகரத்தில் மட்டும் தமிழர் கொடுத்துவைத்தவர்கள். 'அங்ஙனம்' என்பதைத் திருத்தமாகச் சொல்ல வருமானால் மலாயின் ஙகரமும் வரும். 'என்', 'ஜி' என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்து நின்றால் ஙகரம் மட்டுமே; அதன் பின் இன்னொரு 'ஜி' வந்தால்தான் ககர ஒலி பிறக்கும். ஆகவே கையைக் குறிக்கும் சொல் 'தாஙான்', மாடிப்படியைக் குறிக்கும் சொல் 'தாங்கா'. ஆற்றுக்கு நாம் 'சுங்கை' என்று எழுதிப் பழகிவிட்டதால், இங்கேயே பிறந்த தமிழர்கூட அதில் இல்லாத ககரத்தை ஒலிப்பதுண்டு. கொசுவுக்கான 'ஞாமுக்' என்பதில் வருவது நம் ஞாயிற்றின் ஞகரமேதான்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். 'ஈ' எழுத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது இரண்டு உயிர்களைக் குறிக்கிறது. ஏகாரத்தை ஒத்ததைத் 'தாலிங்' என்றும், உதடு குவியாமல் நாக்கு வாயின் நடுவில் நிற்க அகரத்துக்கும் குற்றியலுகரத்துக்கும் இடையே குறுகி ஒலிப்பதைப் 'பெப்பெட்' என்றும் சொல்வார்கள். போரைக் குறிக்கும் சொல்லும் பழுப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் ஒன்றே. போரில் வருவது பெப்பெட், நிறத்தில் வருவது தாலிங். அதேபோல் கன்னத்தில் அறைவதும் காலால் உதைப்பதும் எழுத்தில் வேறுபடா. சேபாக் தக்ரா விளையாட்டில் இருப்பது உதை, எனவே தாலிங்.

முழுமையான விதி இல்லையென்றாலும் பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும் ஒன்று உண்டு. 'பெர்', 'மெ', 'தெர்', 'பெ', 'கெ', 'செ' என்னும் முன்னொட்டுகள் அனைத்திலும் வருவது பெப்பெட்தான். மலாய்ச் சொற்களில் பெரும் பங்கு இவற்றால் ஆனவை என்பதால், ஐயம் வரும்போது பெப்பெட்டாகவே படியுங்கள். மலேசிய அரசின் மொழி நிறுவனமான தேவான் பகாசா டான் புஸ்தாகாவின் 'காமுஸ் தேவான்' அகராதியில் தாலிங் வரும் தலைச்சொற்களில் எழுத்தின் மேல் சாய்கோடு இட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது தமிழில் எழுதிவைப்பதைவிட நூறு மடங்கு நல்லது. நம் ஊர்ப்பெயர்களிலும் இதன் தடம் தெரிகிறது: பெப்பெட் வரும் இடங்களை இகரமாக்கிச் சிரம்பான், சிலாங்கூர், கிளந்தான், திரங்கானு என்றோம், தாலிங் வரும் பேராக்கில் ஏகாரத்தை வைத்தோம். பெப்பெட் வந்தும் எகரம் பெற்ற கெடா இந்த வரிசைக்கு அடங்காது.

சொல்லின் ஈற்றைத் தமிழர் அதிகம் கெடுக்கிறோம். 'மூடா' என்றால் இளமை. அதே சொல் மூச்சொலியோடு 'மூடாஹ்' என்று முடிந்தால் எளிது. 'மாஸா' என்றால் நேரம். தொண்டையைச் சட்டென்று அடைத்து நிறுத்தினால் அது சமைத்தலைக் குறிக்கும் 'மாஸாக்'. இந்த ஈற்றுக் ககரத்தை முழுதாக ஒலித்து, போதாததற்கு ஓர் உகரத்தையும் கூட்டி 'மாஸாக்கு' என்று முடிப்பது நம் மொழிப் பழக்கம். அதை விட்டால் பாதித் தமிழ்வாடை போய்விடும். ஈப்போ, கெடா ஆகியவற்றின் ஈற்று மூச்சொலியையும் நாம் விழுங்கியிருக்கிறோம் என்பதை மறவாதீர்கள்.

எழுத்துக்கூட்டல் வேறுபாட்டுக்கு விடை, 1972 ஆகஸ்ட் 16. அன்று மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவான எழுத்துக்கூட்டலை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சகர ஒலிக்கு ஆங்கிலேயர் வழியில் இங்கே 'சி', 'எச்' என இரண்டெழுத்தும், டச்சுக்காரர் வழியில் அங்கே வேறு இரண்டெழுத்தும் எழுதி வந்தவர்கள், இரு நாட்டிலும் 'சி' ஒன்றையே வைத்துக்கொண்டார்கள். அடுக்குச்சொற்களை முழுதாக எழுதாமல் 2 என்னும் எண்ணைப் பக்கத்தில் போட்டுவந்த வழக்கமும் அப்போதுதான் கைவிடப்பட்டது. ஊர்ப்பெயர்கள் பல பழைய கோலத்திலேயே நின்றுவிட்டன. அதனால்தான் ஜொகூரின் பாருவில் 'எச்' நடுவிலும், கோத்தாவின் பாருவில் முதலெழுத்தை அடுத்தும் நிற்கிறது. ஒலிப்பில் இரண்டும் ஒன்றே.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 'நான்' என்னும் சொல்லை வகுப்பில் 'சாய' என்று ஈற்றைக் குறுக்கிச் சொல்லித்தருகிறார்கள். பினாங்கு நண்பரோ 'சாயா' என்று ஆகாரத்தோடு முடிக்கிறார். எதைப் பின்பற்றுவது?

மறுமொழி 2

வகுப்பில் சொல்லித்தருவதையே பின்பற்றுங்கள். ஈற்று ஆகாரம் தெற்கே ஜொகூர் வழக்கில் பெப்பெட்டாகவும், வடக்கே ஆகாரமாகவும், கிளந்தானில் ஓகாரத்தை ஒட்டியும் ஒலிக்கும். எழுதியபடியே ஒலிக்கும் 'செபுத்தான் பாக்கு' என்னும் முறையை மலேசியா 1988இல் கொண்டுவந்து 2000இல் கைவிட்டது. செய்தி வாசிப்பிலும் பள்ளியிலும் இன்று கேட்பது தெற்கத்தி வழக்குத்தான்.

மறுமொழி 3

ஜாவியைப் பற்றி யாரும் விடை சொல்லவில்லை. 1963/67ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டப்படி மலாயின் எழுத்து உரோமன் எழுத்தே. ஜாவியின் பயன்பாட்டுக்கும் தடையில்லை. ஆகவே அலுவலகப் பணிக்கு ஜாவி வேண்டியதில்லை. கோத்தா பாருவுக்கோ புருணைக்கோ போனால் பெயர்ப்பலகைகளில் காண்பீர்கள்.

ஆனால் ஒலிப்பில் அக்கறை கொண்டவர் அதைக் கற்பது வீண்போகாது என்பது என் கருத்து. வலமிருந்து இடமாக எழுதும் அரபு எழுத்தில் இல்லாத ச, ங, ப, மெல்லோசைக் க, ஞ ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை அமைத்துக்கொண்டது ஜாவி. தமிழ் முஸ்லிம்களின் அர்வி எழுத்தும் இதே வழியில் பிறந்ததுதான். ஜாவியில் பெப்பெட்டைப் பொதுவாக எழுதுவதில்லை, தாலிங்குக்கு 'யா' எழுத்தை இடுவார்கள். எனவே உரோமனில் ஒன்றாகத் தெரியும் போரும் பழுப்பும் ஜாவியில் கண்ணுக்கே வேறாகத் தெரியும். தொண்டை அடைத்து முடியும் ககரத்துக்கும் 'காஃப்' எழுத்தை விட்டு அதனினும் ஆழமான 'கஃப்' எழுத்தை வைப்பார்கள். உரோமன் எழுத்து மறைத்துவிட்ட இரண்டு செய்திகள் அங்கே வெளிப்படையாக இருக்கின்றன.

ஜாவிக்கு முன்பே மலாய் எழுதப்பட்டது நம் பக்கத்து எழுத்தில் என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமத்ராவில் பலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு 682ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் எழுத்து பல்லவ எழுத்து. ஜாவியின் பழஞ்சான்றான திரங்கானுக் கல்வெட்டைப் பொதுவாக 1303ஆம் ஆண்டு என்று கணிக்கிறார்கள்.