போதை ஏறவில்லை என்றால் உடம்பு இரும்பாகிவிட்டதா?

தூறல்:

கஞ்சா பிடித்தவர்கள், நிறுத்தியவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவரவர் கண்டதைச் சொல்லலாமே என்றுதான் தொடங்குகிறேன். உபதேசம் வேண்டாம். அது எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஆரம்பத்தில் இரண்டு இழுப்பில் வந்த மயக்கம், போகப்போக முழுதாக ஒன்றைப் பிடித்தாலும் வரவில்லை. "உன் உடம்பு இரும்பாகிவிட்டது" என்று கூட இருந்தவர்கள் மெச்சினார்கள். அதே காலத்தில் சளி மட்டும் என்னை விடவேயில்லை. காலையில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பழுப்பாகக் கெட்டிக் கோழை வந்து விழுந்த பிறகுதான் பல் துலக்கவே முடியும்.

நுரையீரல் மருத்துவரிடம் இந்த இரும்பு விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, மூளை ஒன்றும் நுரையீரல் ஒன்றுமாக வரைந்தார். போதை தரும் டிஎச்சி, மூளைச் செல்களில் உள்ள சிபி1 ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. ஓயாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் செல்கள் அந்த ஏற்பிகளில் பலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, மிஞ்சியவையும் மந்தமாகிவிடுகின்றன. போதை குறைவது அதனால்தான். நோய் எதிர்ப்புச் செல்களில் மிகுதியாக இருப்பது சிபி2 என்ற இன்னொரு வகை, 1993-இல் கண்டறிந்தது. மூளை பழகிவிட்டதை வைத்து வெள்ளையணுக்களின் நிலையைக் கணிக்க முடியாது என்றார். கஞ்சா புகைப்பவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த, கிருமிகளை விழுங்கும் மாக்ரோபேஜ் செல்கள் பாக்டீரியாவைக் கொல்வதில் பின்தங்கியிருப்பதை 1990களிலேயே ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

நிறுத்திவிட்டேன். முதல் வாரம் கொடுமை: தூக்கம் இல்லை, பசி இல்லை, தூங்கினால் விசித்திரக் கனவுகள், வீட்டில் எல்லோர் மீதும் எரிச்சல். அதெல்லாம் விரைவில் அடங்கியது. கோழை அடங்கத்தான் நாளாயிற்று.

கல்தூண்:

நானும் தினமும் பிடிப்பவன்தான். காய்ச்சல் என்று படுத்ததே இல்லை. எச்ஐவி உள்ளவர்களுக்கே கஞ்சா கொடுத்து 21 நாள் சோதனை நடத்தி, வைரஸ் அளவு கூடவில்லை என்று 2003-இல் வெளியிட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு தரப்பை மட்டும் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

இரவுப்பணி:

கல்தூண் சொல்லும் ஆய்வு உண்மைதான். ஆனால் அது 21 நாள் கதை. ஆண்டுக்கணக்கில் பிடிப்பவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. உங்களுக்கு இயல்பிலேயே நல்ல உடல்வாகு இருக்கலாம், இருக்கட்டும். நான் பார்ப்பது வேறு ஆட்களை. உறுப்பு மாற்று வார்டில் செவிலியராக இருக்கிறேன்.

எங்களிடம் வருபவர்களின் எதிர்ப்பாற்றலை மருந்து கொடுத்து நாங்களே அடக்கி வைத்திருக்கிறோம். புதுச் சிறுநீரகத்தை உடல் தாக்காமல் இருக்க வேண்டுமே. அப்படிப்பட்டவர்கள் கஞ்சா புகைத்தால் டிஎச்சி என்ன செய்யும் என்பதைவிட, இலையோடு சேர்ந்து வரும் பூஞ்சைதான் முதல் கவலை. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் காய்ந்த இலையில் இருக்கும். பற்றவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்ப முடியாது. நல்ல உடம்பு அதை இருமித் தள்ளிவிடும். இவர்களுக்கு அது நுரையீரலில் வேரூன்றி உயிரையே வாங்கும்.

இன்னொன்று, மறக்க முடியாதது. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவருக்குக் கை நடுக்கம். தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டிவிடும். எதிர்ப்பாற்றலை அடக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை மாற்றவே இல்லை, ரத்தத்தில் மட்டும் அது எகிறியிருந்தது. மாத்திரையை இரண்டு முறை விழுங்கினாரா, புது மருந்து ஏதாவது எடுத்தாரா என்று குடைந்து குடைந்து கேட்டோம். கடைசியில் அவர் மனைவிதான் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். சிபிடி எண்ணெய், கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது. "இதில் போதையே இல்லையே, மூலிகைதானே" என்றார் பாவம். போதை இல்லாதது உண்மை. ஆனால் டாக்ரோலிமஸைக் கரைக்கும் அதே கல்லீரல் நொதியை சிபிடி தடுக்கிறது. மருந்து வெளியேறாமல் தேங்கிவிடுகிறது. எண்ணெயை நிறுத்திய பிறகு அளவு இறங்கியது, நடுக்கமும் போயிற்று. மூலிகை என்று பெயர் வைத்துவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று மக்கள் நினைக்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபமே வரும்.

வெண்மணல்:

என் தம்பிக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. மயக்க மருத்துவர் "வேறு பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டதும் அவன் கூரையைப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன். முறைத்தான். மருத்துவரோ நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். தினசரிப் பழக்கம் உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாமாம். அறுவைக்கு முன் எல்லோரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று 2023-இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் ஒன்று வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறதாம். தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அது வேறு.

கல்தூண்:

சரி, ஒப்புக்கொள்கிறேன், ஓரளவுக்கு. தூறல், அந்த ஏற்பிகள் திரும்பி வருமா, போனது போனதுதானா?

தூறல்:

வரும். தினமும் புகைத்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 4 வாரம் விட்டிருந்த பிறகு பெரும்பாலான பகுதிகளில் அவை பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. அதில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. என்னோடு நிறுத்திய நண்பர், நல்ல இடைவெளிக்குப் பிறகு ஒரு நாள் தன் பழைய அளவையே எடுத்தார். இதயம் படபடவென்று அடிக்க, செத்துவிடுவேன் என்று விடியும்வரை என் கையை விடவில்லை. மூளை அதற்குள் புது ஆளாகியிருந்தது, கணக்கு மட்டும் பழையது.

கல்தூண்:

அடுத்த மாதம் எனக்கும் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். நிறுத்துவதா என்பதை இப்போது கேட்காதீர்கள்.