ஜூலைக் கடைசியில் மிகோனோஸ், சாண்டோரினி: ஒரு வாரத்துக்குப் படகு எடுக்கலாமா?

தென்றல்82:
வணக்கம். நாங்கள் மூன்று ஜோடி. ஜூலைக் கடைசி வாரம் கிரீஸில், ஏதென்ஸிலிருந்து கேட்டமரன் (இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு) வாடகைக்கு எடுத்து மிகோனோஸ், சாண்டோரினி தீவுகள் இரண்டையும் பார்த்துவிட்டு ஏதென்ஸிலேயே திருப்பி விடுவதாகத் திட்டம், சனி முதல் சனி வரை. யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது, அதனால் ஸ்கிப்பரோடுதான், அதாவது படகை ஓட்டுகிற ஆளோடு. ஒரு ஏஜென்ட் "தாராளமாகப் போகலாம்" என்கிறார், இன்னொருவர் மழுப்புகிறார். செலவு எப்படி வரும்? எங்களில் இருவர் சைவம்.

கரைவலை:
மழுப்புகிறவரை நம்புங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்று வடக்கிலிருந்து ஒரு காற்று வரும். வானம் பளிச்சென்று இருக்கும், கரையில் நிற்பவருக்கு என்ன பிரச்சினை என்றே தெரியாது, ஆனால் கடலில் நாள்கணக்கில் விடாமல் அடிக்கும், சில நாள் போஃபோர்ட் அளவில் (காற்றின் வலுவை 0 முதல் 12 வரை சொல்வது) 7, 8 வரை போய்விடும். தெற்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், ஜாலிதான். திரும்பும்போதுதான் இருக்கிறது. சாண்டோரினியிலிருந்து ஏதென்ஸ் 120 கடல் மைலுக்குக் குறையாது, அத்தனையும் வடமேற்கே, கிட்டத்தட்ட காற்றின் முகத்தில். மணிக்கு 5, 6 கடல் மைல் போகிற படகு அது, எதிர் அலையில் அந்த வேகமும் வராது. கேட்டமரன் சாயாது என்பார்கள், உண்மைதான், ஆனால் அலை அடித்தட்டில் வந்து அறைகிற அறையில் உள்ளே யாரும் உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் வெள்ளி மாலைக்குள் படகு தளத்துக்கு வந்தாக வேண்டும், அதையும் பாருங்கள்.

சாண்டோரினியில் இன்னொரு சிக்கல். போட்டோவில் பார்க்கிற அந்த எரிமலைப் பள்ளத்தில் 300 மீட்டருக்கு மேல் ஆழம், நங்கூரம் எங்கே போய்ப் பிடிக்கும்? தெற்கே விலிகாடா என்று சின்னத் துறை, சீசனில் இடம் குதிரைக்கொம்பு.

என்னைக் கேட்டால் படகை ஏதென்ஸுக்குப் பக்கத்திலேயே உள்ள சரோனிக் வளைகுடாத் தீவுகளுக்கு விடுங்கள்: ஏஜினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்செஸ். மெல்டெமி அங்கே அவ்வளவு உறைக்காது, ஒவ்வொரு தாவலும் சில மணி நேரம்தான். பணக்காரத் தீவு வேண்டுமென்றால் ஹைட்ராவும் ஸ்பெட்செஸும் மிகோனோஸுக்குக் குறைந்தவை இல்லை, சத்தம்தான் கொஞ்சம் கம்மி. படகைத் திருப்பிக் கொடுத்த பிறகு சாண்டோரினிக்கு ஏதென்ஸிலிருந்து விமானத்தில் போங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

உப்புக்காத்து:
மேலே சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஏதென்ஸின் அலிமோஸ் துறைக்குப் பதிலாக, அதற்குத் தென்கிழக்கே உள்ள லாவ்ரியோ துறையில் படகு எடுத்தால் மிகோனோஸ் 60 கடல் மைல் பக்கம்தான். நடுவில் கேயா, சீரோஸ் என்று நிறுத்தி நிறுத்திப் போகலாம். ஆனால் ஜூனிலோ செப்டம்பர் பாதிக்கு மேலோ போங்கள், ஜூலைக் கடைசியில் நானும் போகமாட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, படகு வாடகை என்று காட்டுவது படகுக்கு மட்டும். ஸ்கிப்பர் தனி, ஒரு நாளைக்கு 200 யூரோ பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அவர் சாப்பாடும் உங்கள் கணக்கு, படுக்க ஒரு கேபினும் தர வேண்டும். நான்கு கேபின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டீசல், துறைக் கட்டணம், கடைசி நாள் சுத்தம் செய்வது, திரும்பக் கிடைக்கிற டெபாசிட் எல்லாம் அதற்கு மேல். சமையல்காரர், பணியாளரோடு பெரிய படகு என்றால் வாடகையில் 25 முதல் 35 சதவீதம் செலவுக்கென்று முன்கூட்டியே வாங்குவார்கள், மீந்தால் திருப்பித் தருவார்கள்.

தென்றல்82:
நன்றி, இருவருக்கும். லீவ் மாற்ற வழியில்லை, அதனால் சரோனிக்தான் போலிருக்கிறது. ஹைட்ராவில் படகு கட்ட இடமே கிடைக்காது என்கிறார்களே?

கரைவலை:
பிற்பகல் போனால் கிடைக்காது. துறை சின்னது, ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசை கட்டுவார்கள், காலையில் ஒருவர் நங்கூரம் தூக்கினால் இன்னொருவர் சங்கிலியும் சேர்ந்து மேலே வரும், அதை எடுத்துவிடுவதற்குள் நாலு மொழியில் வசை கேட்கலாம். எதிர்க்கரையில் எர்மியோனியில் படகைக் கட்டிவிட்டு ஃபெர்ரியில் போய் வாருங்கள். தீவில் கார் கிடையாது, சுமையெல்லாம் கோவேறு கழுதை மேல்தான்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். எந்தத் தவெர்னாவிலும் (அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடை) ஃபாவா கேளுங்கள், மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்து மேலே எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள். ஹோர்தா என்பது வேகவைத்த கீரை. அப்புறம், சூட்கேஸ் வேண்டாம், படகில் வைக்க இடமிருக்காது, மடிக்கிற பையாக எடுத்து வாருங்கள்.