ஃபீல்ட் ஸ்கெட்ச்: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

அனைவருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய்ப் பறவை வரையவைக்கப் போகிறோம். கைப்பிரதி தயார். 'ஃபீல்ட் ஸ்கெட்ச்' வரும் இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

இது சட்டம் போட்டு மாட்டுகிற படம் இல்லை. சின்னக் கொக்கு தலையைத் திருப்புவதற்குள் கழுத்து வளைவை இரண்டு கோட்டில் பிடிக்க வேண்டும். பறந்துவிட்டால் அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்க வேண்டும். பேனாவில் அழிப்பதற்கு வழியில்லை. இருப்பது கறுப்பு மை ஒன்றுதான், அதனால் 'கால் கறுப்பு, விரல் மஞ்சள்' என்று ஓரத்தில் எழுதிக்கொள்வார்கள். அந்த மஞ்சள் விரல் இல்லாவிட்டால் எல்லா வெள்ளைக் கொக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். நேரம், இடம், தண்ணீர் எவ்வளவு நின்றது, எல்லாமே குறிப்பில் வரும்.

நான் யோசித்தது: களவரைவு.

– வேளச்சேரி

*

அம்மா, களவரைவா! களம் + வரைவு என்று நீங்கள் புணர்த்தியிருக்கிறீர்கள், இலக்கணம் சரி. ஆனால் படிக்கிறவர் கண்ணில் படுவது களவும் வரைவும், அதாவது அகப்பாட்டின் ரகசியக் காதலும் கல்யாணமும். வரைவு கடாதல் என்றால் 'எப்போது கல்யாணம்' என்று தோழி தலைவனை நெருக்குவது. உங்கள் பள்ளித் தமிழாசிரியர் பார்த்தால், பிள்ளைகளைச் சதுப்பு நிலத்துக்கு எதற்கு அழைத்துப் போகிறீர்கள் என்று கேட்பார்.

சங்கச் சொல் ஒன்று கைவசம் இருக்கிறது. அணிகலன் களைந்திருக்கும் அரசியை நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' என்கிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம் என்பது உரை. இதைவிட என்ன வேண்டும்?

கூடவே 'பேனா'வையும் எடுத்துவிட்டுத் 'தூவல்' என்று போடுங்கள். தூவல் என்றால் இறகு. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பேனாவுக்கும் மூலப்பொருள் இறகுதான். பறவை வரைய இறகு, பொருத்தம் பாருங்கள்.

– மயிலாப்பூர்

*

தூவல் என்று போட்டால் பிள்ளைகள் மழைத் தூவலா என்று கேட்கும், ஐயா. புனைவு என்றால் இன்றைக்குக் கதை. 'புனையா ஓவியம்' அவர்களுக்குக் கற்பனை கலக்காத படம் என்று ஆகிவிடும். (அதுவும் ஒருவகையில் பொருந்துகிறது, ஆனால் நீங்கள் சொன்ன பொருள் அது இல்லையே.)

வண்ணமில்லாத படத்துக்குக் 'கோட்டோவியம்' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி படங்களை அப்படித்தானே சொல்கிறோம்? ஆனால் அதை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் போடலாம். வேளச்சேரி அம்மா கேட்பது வெயிலில் நின்று, உள்ளங்கை வியர்வையில் மை இழுவிப்போன பிறகும் மிஞ்சுகிறதே, அந்தப் படத்துக்குப் பெயர். நாங்கள் அடையாற்று முகத்துவாரத்துக்குப் போகும்போது 'ஸ்கெட்சுக்குப் போறோம்' என்றுதான் பேச்சு. அப்படியே இருக்கட்டுமே.

– பெரம்பூர்

*

சென்னையில் 'ஸ்கெட்ச் போடுவது' என்றால் ஆளைத் தூக்கத் திட்டம் போடுவது. எட்டாம் வகுப்புக்கு அது நன்றாகவே தெரியும்.

– மயிலாப்பூர்

*

'திணையோவியம்' என்று வைக்கலாமே? நிலம், பொழுது, புள் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. ஓரத்தில் நேரம் எழுதுவது பொழுது, பறவை கருப்பொருள்.

ஒரு கேள்வி மட்டும் இடிக்கிறது: பள்ளிக்கரணை மருதமா, நெய்தலா? நாரையும் நீர்க்கோழியும் இருப்பதால் மருதம் என்பேன். ஆனால் அந்தத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கோவளம் பக்கம் கடலைத் தேடிப் போகிறது. 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலத்துக்குத் திணை சொல்ல முடியவில்லை என்றால் நமக்குத்தான் வெட்கம்.

– தாம்பரம்

*

நெய்தல். உவர்ப்பு ஏறிவரும் நிலத்தை மருதம் என்பது எப்படி?

– மயிலாப்பூர்

*

ஐயா, திணையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா? அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். 'கள ஓவியம்' என்று போடுகிறேன். களப்பணி, கள ஆய்வு எல்லாம் பிள்ளைகள் கேள்விப்பட்டவைதான்.

– வேளச்சேரி

*

புணர்ச்சி விதிப்படி அது களவோவியம். களவு + ஓவியமும் அதேதான். திருட்டுப் படம்!

– மயிலாப்பூர்

*

அதனால்தான் பிரித்து எழுதியிருக்கிறார். என் வாக்கு கள ஓவியத்துக்கு.

– பெரம்பூர்

*

எனக்கும் சம்மதம், அரை மனதோடு. கோவளம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

– தாம்பரம்

*

'கள ஓவியம்' என்றே கோப்பு போய்விட்டது. பேனா பேனாவாகவே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

– வேளச்சேரி

*

சேர்த்து எழுத முடியாத சொல்லைக் கலைச்சொல் என்று நான் ஏற்கமாட்டேன். பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். இரண்டாம் பதிப்பு எப்போது?

– மயிலாப்பூர்